செலவைக் குறைக்க முதலில் மேளத்தையா நிறுத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைந்து முளைத்துக் கிடக்கும்போது ஊருக்கு ஊர் திருவிழா எதற்கு, அந்தக் காசை வைத்துக் கடனையாவது அடைக்கலாமே என்று. வயிறு எரிந்து எழுதியது என்று படிக்கும்போதே தெரிந்தது. அந்த எரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர் சொன்ன தீர்வு சரியில்லை, அதை யாராவது எழுத வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில் ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர் நிலம் வைத்துச் சாகுபடி செய்கிறவன். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் விழாக் கமிட்டியில் வரவு செலவு நோட்டு பல வருடங்களாக என் கையில்தான் இருக்கிறது. அதனால் திருவிழாக் காசு எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது, காசு இறுகினால் முதலில் யார் வயிற்றில் அடி விழுகிறது என்பதையெல்லாம் கொஞ்சம் கிட்ட இருந்து பார்த்தவன்.

டெல்டாவில் நல்ல வருடம் என்று நிம்மதியாகச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று பாருங்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, அதே நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றானது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து வேதாரண்யத்தில் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. 2020, 2021 இரண்டு வருடமும் பங்குனி, சித்திரை, வைகாசி என்று திருவிழா நடக்கிற மாதங்களில்தான் ஊரடங்கு. 2023இல் ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தும் தண்ணீர் பற்றாமல் அக்டோபர் 10ஆம் தேதி அணையை மூடினார்கள், குறுவை பல இடங்களில் கருகியது. 2024இல் அணை திறக்கவே ஜூலை 28 ஆகிவிட்டது. 2025இல் தண்ணீர் நேரத்துக்கு வந்து குறுவை நன்றாகவே விளைந்தது, அறுத்த நெல்லை அக்டோபர் மழையில் ரோட்டோரம் கொட்டி வைத்துக்கொண்டு கொள்முதலுக்கு ஈரப்பதம் பதினேழு சதவீதம் வரைதானா, இருபத்திரண்டு வரை எடுப்பார்களா என்று காத்துக்கிடந்தோம். குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று விலை அறிவித்தால் போதுமா, எடை போட்டு, மூட்டை லாரியில் ஏறி, பணம் வங்கிக் கணக்குக்கு வந்தால்தானே அது விலை.

ஆகவே காசு இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. இல்லாத காசில் எதை முதலில் வெட்டுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் கமிட்டிக் கூட்டம் கோயில் வாசலில், மாசிக் கடைசியில் நடக்கும். போன வருட நோட்டை நான் ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். பந்தல், சீரியல் செட், ரேடியோ செட், ஜெனரேட்டர், பூ அலங்காரம், வாணவெடி, ஃப்ளெக்ஸ், நோட்டீஸ் அடித்த செலவு, அன்னதானம், பூசாரி, மேளம், கரகம், நாடகம். மோசமான வருடம் என்றால் எல்லோருக்கும் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கும், ஆனால் பந்தல்காரர் போன வருடமே இந்த வருடத்துக்கும் சேர்த்துப் பேசிவிட்டார், லைட் செட்டைக் குறைத்தால் பக்கத்து ஊர்க்காரன் கேவலமாகப் பேசுவான், வெடி இல்லாவிட்டால் இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஃப்ளெக்ஸில் யார் யார் படமெல்லாமோ வர வேண்டியிருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாகத் தப்பித்து வந்து, மேளம் என்று நான் படிக்கிற இடத்தில்தான் ஒரு குரல் வரும். "பத்து நாளும் எதுக்கு மேளம், காப்புக் கட்டுக்கும் தேருக்கும் மட்டும் சொல்லுங்க." அடுத்த வரி கரகம். "அதை இந்த வருஷம் விட்ருவோம்." நாடகம். "யாருங்க விடிய விடிய உக்காந்து பாக்குறா, எல்லாரும் போனைத்தான் பாக்குறாங்க." சரி, நிறுத்தியாச்சு. இரண்டு நிமிடத்தில் மூன்று குழுக்களின் சித்திரை மாதச் சம்பாத்தியம் போய்விடும். நான் இதை எங்கள் ஊரை மட்டும் வைத்துச் சொல்லவில்லை, சுற்றுவட்டாரத்தில் எந்தக் கமிட்டியில் கேட்டாலும் இதே கதைதான். நல்ல வருடத்திலேயே பல ஊர்க் கணக்கில் வெடிக்குக் கொடுத்ததைவிட வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்தது குறைவாக இருக்கும்.

மேளக்காரர்களின் வருடம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இந்த இரண்டு நிமிடத்தின் கனம் புரியும். ஆடியில் அம்மன் கோயில்கள் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அந்த மாதம் கல்யாணம் கிடையாது. ஆவணியில் சில முகூர்த்தம், புரட்டாசியில் நவராத்திரி வைத்தால் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழை, மார்கழியில் கல்யாணம் கிடையாது. தையில் தொடங்கி வைகாசி, ஆனி வரை வருகிற முகூர்த்தங்களும் திருவிழாக்களும்தான் முழு வருடத்துச் சோறு. அறுவடை முடிந்து களத்தில் நெல் ஏறி, நிலம் காய்ந்து கிடக்கும்போதுதான் ஊருக்கு விழா எடுக்க நேரமும் காசும் இருக்கும் என்று முன்னோர் வைத்த கணக்கு அது. விவசாயிக்குப் போகம் தவறினால் அவர்களுக்கும் போகம் தவறுகிறது, ஆனால் பயிர்க் காப்பீடு, வறட்சி நிவாரணம், வெள்ள நிவாரணம் என்று வருகிற எந்தப் பட்டியலிலும் தவில்காரர் பெயர் வராது.

அவர்களுடைய செலவு மட்டும் நிற்பதில்லை. தவில் வாசிப்பவரின் வலது கையை என்றாவது பக்கத்தில் போய்ப் பாருங்கள். விரல் ஒவ்வொன்றிலும் துணியும் மாவுப் பசையும் சேர்த்துக் காயவைத்த கூடு மாட்டியிருப்பார், இப்போது சிலர் பிளாஸ்டிக்கிலும் போடுகிறார்கள், அதைக் கழற்றினால் விரல் நுனி மரத்துப்போய் இருக்கும். பலா மரத்துக் கட்டை, இரண்டு பக்கமும் தோல், வார் தளர்ந்தால் இழுத்துக் கட்ட வேண்டும், தோல் போனால் மாற்ற வேண்டும். நாதஸ்வரத்தில் நுனியில், வாயில் வைத்து ஊதுகிற சீவாளி நாலைந்து நூலில் தொங்கும், கூடவே அதன் வாயைத் திருத்த ஒரு சின்ன ஊசி. காவிரிக்கரை நாணலில் திருவாவடுதுறையில் செய்கிற சீவாளி அது. ஈரமும் மூச்சும் பட்டுத் தேய்ந்துகொண்டே போகும், ஒன்று சரியில்லை என்றால் கச்சேரி நடுவிலேயே அடுத்ததை எடுத்துச் செருகுவார்கள். வாத்தியமோ ஆச்சா மரத்தில் நரசிங்கம்பேட்டையில் கடைந்து செய்வது, 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது உங்கள் பத்திரிகை உட்பட எல்லோரும் பெருமையாக எழுதினோம். நல்ல விஷயம்தான். ஆனால் ஊரில் வாசிக்கிறவருக்கு அழைப்பு வராவிட்டால், அவர் எதற்குப் புது வாத்தியம் வாங்கப்போகிறார்? அவர் வாங்காவிட்டால் நரசிங்கம்பேட்டையில் கடைசல் பட்டறைக்கு வேலை ஏது, சீவாளிக்காரரிடம் யார் போய் நிற்பார்கள்? மாரியம்மன் கோயில் கமிட்டி ஒரு வரியை அடித்தால் அது அங்கே வரை போய்த் தாக்குகிறது.

செலவு என்று நாம் எழுதுகிற பணம் எங்கே போகிறது என்றும் பாருங்கள். மேளத்துக்கும் கரகத்துக்கும் கொடுத்தது தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான் பக்கத்திலேயே சுற்றுகிறது. அவர் நம் ஊர்க் கடையில்தான் அரிசி வாங்குகிறார், பிள்ளைக்கு இங்கேதான் ஃபீஸ் கட்டுகிறார். நாடகம் நடந்தால் விடியும்வரை கூட்டம் உட்காரும், கூட்டம் உட்கார்ந்தால் டீக்கடை, பொரிகடலை, பேரீச்சம்பழம், வளையல் கடை, பலூன்காரர் எல்லோருக்கும் அன்றைக்கு வியாபாரம். கதம்பம் கட்டுகிற பெண்களுக்குக் கூலி. வெடிக்குக் கொடுத்தது பத்து நிமிடத்தில் முடிந்தது, அதில் ஒரு ரூபாய்கூட இந்த ஊரில் தங்காது. ஃப்ளெக்ஸும் அப்படித்தான், விழா முடிந்த மறுநாள் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போகும்.

கொஞ்ச வருடமாக இன்னொன்றும் நடக்கிறது. தவில், நாதஸ்வரம் பிறந்து வளர்ந்த மண்ணில், கல்யாண ஊர்வலத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் கேரளத்திலிருந்து செண்டை மேளத்தை வரவழைக்கிறார்கள். செண்டைக் கலைஞர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, அவர்களும் வாசித்துப் பிழைக்கிறவர்கள், நன்றாகவும் வாசிக்கிறார்கள். ஆனால் அதற்குப் பேசுகிற தொகையை எந்தக் கேள்வியும் கேட்காமல் கொடுக்கிற நாம், உள்ளூர் மேளக்காரர் ஒரு ஆயிரம் கூடக் கேட்டால் முகம் சுளிக்கிறோமே, அதுதான் பொறுக்கவில்லை. சாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை ராகத்தில் நாதஸ்வரக்காரர் வாசிக்கிற மல்லாரியைக் கேட்டு வளர்ந்த தெரு இது. அந்த மல்லாரிக்குப் பதிலாக வேறு எதை வைத்தாலும் என் மனம் ஒப்பவில்லை.

விழாக் கமிட்டிகளில் சகஜமாகப் புழங்குகிற ஒரு பேச்சையும் சொல்ல வேண்டும். "சாமி காரியம்தானே, கொஞ்சம் பாத்துக் குறைச்சுக்கங்க." ஜெனரேட்டர்காரரிடம் இதை யாரும் சொல்வதில்லை. டீசல் விலை இன்னது, வாடகை இன்னது என்று அவர் சொன்னால் முடிந்தது. கலைஞரிடம் மட்டும் பக்தியைக் காட்டிக் கூலியைக் குறைக்கிறோம். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் பெரிய பெரிய வித்வான்களே சன்மானம் வாங்காமல் வாசிக்கிறார்களே என்று ஒரு கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கேட்டார். உண்மைதான், தியாகராஜர் சித்தியடைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியில் அவர் சமாதி முன் உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுவதை அவர்கள் பாக்கியமாக நினைத்து வருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு வருடம் முழுக்கச் சபாக்கள் இருக்கின்றன, மாணவர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டுக் கச்சேரி இருக்கிறது. நம் ஊர்த் தெருவில் வெயிலில் நடந்து வாசிக்கிறவருக்கு நாம்தான் சபா. அவரும் இலவசமாக வாசித்தால் அடுப்பு எரியாது.

திருவையாறு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தியாகராஜர் 1847இல் சித்தியடைந்த பிறகு அவர் சமாதி கவனிப்பாரில்லாமல் கிடந்த காலம் உண்டு. பெங்களூர் நாகரத்தினம்மாள் என்கிற பெண்மணி தன் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டு அந்த இடத்தை வாங்கிக் கோயில் கட்டினார். பெண்கள் அங்கே பாடக்கூடாது என்று ஒதுக்கியபோது, பெண்களுக்கென்று தனியாக ஆராதனை நடத்தினார். 1930களில், உலகம் முழுக்கப் பொருளாதாரம் படுத்து, தஞ்சாவூர் ஜில்லாவில் நெல் விலை சரிந்து மிராசுதார்களே கையைப் பிசைந்த காலத்தில், பெரிய கட்சி, சின்னக் கட்சி, பெண்கள் கட்சி என்று பிரிந்து சண்டை போட்டுக்கொண்டும் ஆராதனையை விடாமல் நடத்தினார்கள். 1940இல்தான் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். காசு இல்லை என்று ஒரு பத்து வருடம் நிறுத்தி வைத்திருந்தால் இன்றைக்கு அந்தக் கரையில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஆண்களே ஆடுகிற பழைய நாட்டிய நாடகமான பாகவத மேளா என்றால் இன்றைக்கு எல்லோரும் மெலட்டூரைச் சொல்வார்கள். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, வெளியூரில் வேலை பார்க்கிற ஆண்களெல்லாம் லீவு போட்டுவிட்டு வந்து, பெண் வேடம் உட்படத் தாங்களே கட்டி, பிரகலாத சரித்திரம் நடத்துகிறார்கள். சாலியமங்கலத்திலும் தேப்பெருமாநல்லூரிலும் நடக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர் என்று இன்னும் மூன்று ஊர்களிலும் இதே மேளா இருந்தது. அங்கெல்லாம் அந்த மேளா நின்றுபோய் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. எந்த ஊரும் இனிமேல் வேண்டாம் என்று தீர்மானம் போட்டு நிறுத்துவதில்லை. இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பிக்கும். அடுத்த வருடம் பாடம் தெரிந்தவர் ஒருவர் இறந்துபோவார், இன்னொருவர் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போய்விடுவார், ஆர்மோனியக்காரர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அப்புறம் காசு வந்தாலும் ஆள் இருக்காது. பயிர் ஒரு போகம் தவறினால் அடுத்த போகம் விதைக்க விதைநெல் கிடைக்கும், இதற்குக் கிடைக்காது.

ஊரடங்கு இரண்டு வருடத்தில் நாங்கள் அதைக் கண்ணால் பார்த்தோம். தவிலை அடகு வைத்தவர்கள் உண்டு, கட்டட வேலைக்குத் திருப்பூர் போனவர்கள் உண்டு, நூறு நாள் வேலையில் மண் அள்ளிய நாதஸ்வரக்காரரை எனக்கே தெரியும். மண் அள்ளுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை, நானும் அள்ளுகிறவன்தான். ஆனால் அந்த விரல் அப்படிக் காய்த்துப்போனால் மறுபடி துளையில் ஓடாது. கரகம் ஆடிய பெண்களில் சிலர் அதோடு ஆட்டத்தை விட்டுவிட்டார்கள், பனியன் கம்பெனியில் மாதச் சம்பளம் வருகிறது, எதற்கு மறுபடி இந்தப் பிழைப்பு என்கிறார்கள். அவர்களிடம் எனக்கு என்ன பதில் இருக்கிறது.

இப்போது கடன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த வாசகர் சொன்னதில் கனமான பகுதி அதுதான். விழாவுக்கு வீட்டுக்கு வீடு வாங்குகிற தலைக்கட்டு வரிக்காக மகளிர் குழுவில் லோன் போட்டவர்களும் தோட்டை அடகு வைத்தவர்களும் உண்டு. அது நடக்கக்கூடாது. இருபது மா வைத்திருப்பவருக்கும் குத்தகைக்கு மூன்று மா பார்ப்பவருக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் ஒரே வரி என்பது நல்ல வருடத்திலேயே நியாயமில்லை, கெட்ட வருடத்தில் அது கொடுமை. எங்கள் ஊரில் பேசிப் பேசி, ஆணில்லாத வீட்டுக்கும் நிலமில்லாத வீட்டுக்கும் பாதி என்று வைத்திருக்கிறோம், முடியாதவர் வந்து சொன்னால் பெயரைக் கூட்டத்தில் படிக்காமல் விட்டுவிடுவது என்றும் முடிவு. சிலர் காசுக்குப் பதில் நெல்லாகக் கொடுக்கிறார்கள், அது அன்னதானத்துக்கு ஆகிவிடுகிறது. பழைய நாளில் களத்து மேட்டிலேயே கோயிலுக்கும் ஊர்த் தொழில்காரர்களுக்கும் நெல் அளந்த பழக்கம்தானே. வரி குறைந்தால் விழா சின்னதாகும். ஆகட்டும். பந்தல் கோயில் வாசலோடு நிற்கட்டும், தெரு முழுக்கச் சீரியல் செட் வேண்டாம், வெடியை மொத்தமாக விட்டுவிடலாம், நாய்களும் கைக்குழந்தைகளும் நிம்மதியாக இருக்கும். கட்டவுட் வேண்டாம். மேளம் இருக்கட்டும்.

இன்னொரு சிக்கனமான வழி ஊர்களுக்குள் பேசிக்கொள்வது. இப்போது என்ன நடக்கிறது என்றால், சுற்றியுள்ள ஏழெட்டு ஊரும் சித்திரைக் கடைசியிலும் வைகாசி முதலிலும் ஒரே வெள்ளி, ஒரே ஞாயிறு என்று தேர் வைக்கின்றன. அன்றைக்கு மேளக்காரருக்கு நாலு ஊரிலிருந்து அழைப்பு, மூன்றை விட வேண்டியது, மறுநாளிலிருந்து ஐந்து நாள் வீட்டில் சும்மா. கமிட்டிகள் உட்கார்ந்து காப்புக் கட்டும் நாளை ஒரு வாரம் முன்னே பின்னே தள்ளினால் அதே குழு நாலு ஊரிலும் வாசிக்கும், தொடர்ச்சியாக நாள் கிடைக்கிறது என்றால் அவர்களே தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. நாடகத்தையும் இரண்டு ஊர் சேர்ந்து, நடுவில் ஒரு தரிசில் மேடை போட்டு நடத்தலாம். இதெல்லாம் நடக்காது என்பவர்கள் திருவையாற்று ஏழூர்ப் பல்லக்கைப் பார்த்திருப்பார்கள். ஐயாறப்பர் புறப்பட்டுப் பழனம், சோற்றுத்துறை, வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றி, அந்தந்த ஊர்ச் சாமியும் பல்லக்கில் சேர்ந்துகொண்டு வந்து, கடைசியில் பொம்மை பூப்போடுவதைப் பார்க்க ஏழு ஊரும் ஒரே இடத்தில் கூடும். நாகூர் தர்கா கந்தூரி விழாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து புறப்படுகிற கொடி ஊர்வலத்தில் எந்தத் தெருக்காரர் எந்த மதத்துக்காரர் என்று யாரும் கேட்பதில்லை. சேர்ந்து செய்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

பறை அடித்து ஆடுகிற தப்பாட்டக்காரர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அவர்களை அழைத்தது கலைஞர் என்று இல்லை, உன் சாதிக்கு இதுதான் கடமை என்று அடிக்க வைத்தார்கள், கூலி என்று எதையோ தூரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கு அதே பறையைக் கல்லூரிப் பிள்ளைகள் மேடையேற்றிப் பெருமையாக அடிக்கிறார்கள், பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பல ஊர்த் திருவிழாக்களில் இன்னும் அவர்களுக்குச் சாப்பாடு கடைசிப் பந்தி, உட்கார நாற்காலி கிடையாது. கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதுகிற நான் இதைச் சொல்லாமல் விட்டால் பாதியைத்தான் சொன்னவன் ஆவேன். பேசிய தொகையை ஆட்டம் முடிந்த இரவே கையில் கொடுப்பது, எல்லோருடனும் ஒரே பந்தியில் இலை போடுவது, இரண்டுக்கும் செலவு ஒன்றும் அதிகமில்லை. கெட்ட வருடம் என்று சொல்லி இதைத் தள்ளிப்போட முடியாது.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இலிருந்து இருக்கிறது, நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை இருக்கிறது, சீர்காழியிலும் திருவாரூரிலும் அரசு இசைப்பள்ளி நடக்கிறது, திருவையாற்றில் இசைக் கல்லூரி இருக்கிறது, தஞ்சாவூரிலேயே தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. குறை எங்கே என்றால், எங்கள் பக்கத்தில் வாரிய அட்டை இல்லாத கலைஞர்கள் நிறையப் பேர். விண்ணப்பம் ஆன்லைனில், போனுக்கு ஓடிபி வர வேண்டும், பல நிகழ்ச்சிகளில் ஆடியதற்குச் சான்று கேட்பார்கள், அறுபது வயதுக் கரகாட்டக்காரரிடம் சான்று என்று என்ன இருக்கும், நோட்டீஸைக்கூட அவர் எடுத்து வைத்திருக்க மாட்டார். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நாள் முகாம் போட்டு, அந்தந்த ஊர்க் கமிட்டியே ஆமாம், இவர் எங்கள் கோயிலில் இத்தனை வருடமாக ஆடுகிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்ள வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு முகாம் போடுகிறவர்களுக்கு இது பெரிய வேலை கிடையாது. இசைப்பள்ளியில் மூன்று வருடம் தவில் படித்து வருகிற பையனுக்கு வேலை வேண்டாமா? பல கோயில்களில் நாதஸ்வரக்காரர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் காலியாகவே கிடக்கிறது, தீபாராதனைக்கு மோட்டாரில் ஓடுகிற மேளமும் மணியும் ஓடுகின்றன. சுவிட்சைப் போட்டால் ஒரே மாதிரி தகரத்தை அடிக்கிற சத்தம். ஆளைப் போட முடியாத அளவுக்கு எல்லாக் கோயிலும் ஏழைக் கோயில் இல்லை. வருமானம் உள்ள கோயில்களிலாவது அந்த மெஷினை எடுத்துவிட்டு ஒரு ஆளைப் போடுங்கள், பகுதிநேரமாகவாவது போடுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. திருவிழா நோட்டீஸ் எதையாவது எடுத்துப் பாருங்கள். நன்கொடையாளர் பெயர், படம், பட்டம் எல்லாம் இருக்கும். ரேடியோ செட், பந்தல் யார் என்று போன் நம்பரோடு இருக்கும். வாசிக்கிறவர் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது, "மங்கள இசை முழங்க" என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். உங்கள் மாவட்டப் பக்கத்தில் வருகிற திருவிழாச் செய்தியும் அப்படித்தான் இருக்கிறது, வடம் பிடித்துத் தேரை இழுத்தவர்கள் யார், தொடங்கி வைத்தவர் யார், பாதுகாப்புக்குப் போலீஸ் எத்தனை பேர் என்று எல்லாம் வருகிறது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும், திருவிழாச் செய்தி போடும்போது நாதஸ்வரம் யார், தவில் யார், நாடகம் எந்த ஊர்க் குழு என்று ஒரே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். செய்தி அனுப்புகிற எங்களைப் போன்ற கமிட்டிக்காரர்களிடம் அந்த விவரம் இல்லாமல் செய்தி வாங்காதீர்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துப் பக்கத்து வட்டத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர் கூப்பிட்டால் அவருக்கு ஒரு நாள் சம்பாத்தியம், வாரியத்துக்குக் கொடுக்க அச்சில் ஒரு சான்றும் ஆயிற்று.

எங்கள் கமிட்டியின் அடுத்த கூட்டம் இந்த மாசிக் கடைசியில். இந்த முறை நோட்டில் மேளம், கரகம், நாடகம் மூன்றையும் முதல் பக்கத்தில் எழுதி, அவர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் பந்தல், லைட் பேச்சை எடுப்பது என்று பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசி வைத்திருக்கிறேன். கூட்டத்தில் சண்டை வரும், வரட்டும். பக்கத்து ஊர்க் கமிட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தேதி விஷயமாகப் பேச எங்கள் கோயில் வாசலுக்கு எந்த வெள்ளிக்கிழமை மாலையும் வரலாம்.

இப்படிக்கு,
விழாக் கமிட்டிக் கணக்கு எழுதும் ஒரு விவசாயி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.